வாத்தியார் முன்னால் போனார்

எங்கள் ஏரி உறைந்ததும் முதல் வேலை மரம் நடுவதுதான். டிசம்பரில் பனி ஒரு முழத்துக்கு இறுகியதும், காட்டிலிருந்து பைன் கன்றுகளை வெட்டிவந்து, பனியில் துளை போட்டு வரிசையாக நிறுத்தி, அடியில் தண்ணீர் ஊற்றுவோம். பொழுது விடிவதற்குள் கல்லாகிவிடும். இந்தக் கரையில் எங்கள் ஊரான முனையிலிருந்து அந்தக் கரையில் டன்பார்ட் டவுன் வரைக்கும் அந்த மரங்கள்தான் ரோடு. மரம் நின்றால் ரோடு திறந்திருக்கிறது, மரத்தைச் சாய்த்தால் மூடியாகிவிட்டது. நட்டவன்தான் பிடுங்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. அப்பா இருந்தவரை அந்த வேலை அப்பாவுடையது. அப்புறம் என் தம்பி வாலஸுக்கு வந்தது.

இதில் ஒரு கோளாறு உண்டு. முனைக்காரர்கள் ஒருத்தரும் பனியைப் பார்ப்பதில்லை. மரத்தைத்தான் பார்ப்பார்கள். மரம் நிற்கிறதா, வண்டியைப் பூட்டு. அவ்வளவுதான் அவர்கள் மூளை. கோபத்தில் பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், கோபத்தில்தான் பேசுகிறேன்.

போர் முடிந்த அடுத்த வருடம் ஏப்ரல் பிறந்து நாளாகியும் மரங்கள் நின்றுகொண்டிருந்தன. மற்ற வருடமாக இருந்தால் வாலஸ் மார்ச் கடைசியிலேயே சாய்த்திருப்பான். அந்த வருடம் இடைத்தேர்தல் வந்தது. கில்மோர் வாத்தியார் நின்றார்.

கில்மோர் எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒரே அறை, ஒரே அடுப்பு, அத்தனை வகுப்புக்கும் அவர் ஒருவர்தான். பள்ளிக்கூடம் டவுன் பக்கம் இருந்தது. குளிர்காலத்தில் முனைப் பிள்ளைகள் பனிமேல் நடந்துதான் போக வேண்டும். அவரே காலையில் ஏரியைக் கடந்து வருவார். இரும்புப்பூண் போட்ட கம்பால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு முன்னால் நடப்பார். நாங்கள் ஒருவர் பின் ஒருவராகப் போவோம். கழுத்தில் பித்தளை விசில் தொங்கும். ஒரு தடவை ஊதினால் நடக்க வேண்டும், இரண்டு தடவை ஊதினால் நிற்க வேண்டும். நல்ல மனுஷர். அடித்ததில்லை, பாடம் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். அவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்தால் ஒன்றும் ஆகாது என்று நாங்கள் நம்பினோம். பனி பலமாக இருந்ததால் ஒன்றும் ஆகவும் இல்லை.

போர் வந்ததும் அவர் சாக்கட்டியை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார். அவரிடம் படித்த முனைப் பையன்கள் ஏழு பேர் அவர் பின்னால் போனார்கள். என் தம்பிகள் இரண்டு பேரும் அதில் உண்டு, பெரியவன் யூவன், சின்னவன் வாலஸ். அம்மா செத்த பிறகு நான் சோறூட்டி வளர்த்த பிள்ளைகள். திரும்பி வந்தது வாத்தியாரும் வாலஸும் மட்டும்தான். வாத்தியார் மேஜராகி, நெஞ்சில் மெடல் குத்திக்கொண்டு வந்தார். வாலஸ் இடது கையில் கட்டைவிரலை மட்டும் வைத்துக்கொண்டு வந்தான்.

எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒருவன்தான்.

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது மேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுப்பங்கரை மேஜையில் உட்கார்ந்தார். ஓட்ஸ் ரொட்டியும் டீயும் வைத்தேன். வாலஸ் உட்காரவே இல்லை. அவர் வந்தால் இவன் விறைப்பாக நிற்பான், சொந்த வீட்டிலேயே.

"வாலஸ், மரத்தை எப்போ எடுக்கப் போறே?" என்று கேட்டார் மேஜர்.

"நாளைக்கு எடுத்துடலாம்னு இருக்கேன் சார்."

"ஓட்டுப்பதிவு வரைக்கும் நிக்கட்டும்ப்பா."

நான் கெட்டிலைத் தட்டென்று அடுப்பில் வைத்தேன். "அதுக்குள்ள ஏரி உருகி ஓடிடும் சார். ஓட்டுப்பெட்டிய படகுல அனுப்புங்க."

மேஜர் சிரித்தார். "நீ மாறவே இல்லை எல்ஸ்பெத். வகுப்புலயும் கடைசி பெஞ்சுலேருந்து இப்படித்தான் பேசுவே." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "இங்க பாரும்மா. ஓட்டுச்சாவடி இருக்கிற டவுன் பக்கம் முழுக்க, என்னை எதிர்த்து நிக்கிற மரமில் முதலாளி லெட்விட்ஜோட ஆளுங்க. என்னோட ஓட்டெல்லாம் முனையிலதான் இருக்கு. ஏரியைச் சுத்திப் போற ரோடு முழங்கால் சேறு. பனிமேல வந்தாதான் உண்டு. நான் ஜெயிச்சா முதல் வேலை பாலம். அதுக்கப்புறம் உங்க பிள்ளைங்க யாரும் இந்தப் பனியில கால் வைக்க வேண்டாம்."

"பனியில யாரும் நடக்கக் கூடாதுங்கிறதுக்காக, உருகுற பனியில எல்லாரும் நடக்கணுமா?"

"ஒரே ஒரு நாள். நானே முன்னால நடந்து கூட்டிட்டுப் போறேன். போதுமா?"

வாலஸ் முகம் மலர்ந்துவிட்டது. "போதும் சார்" என்றான். என்னை யார் கேட்டார்கள்?

அவர் போன பிறகு அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"டேய், உனக்குப் பனியைப் பத்தித் தெரியாதா? அப்பா உனக்குச் சொல்லிக்கொடுக்கலையா?"

"தெரியும்க்கா. ஆனா அவர் முன்னால போறேன்னு சொல்றாரே. ஆபத்து இருந்தா முதல்ல அவருக்குத்தானே?"

"அங்கேயும் இப்படித்தான் முன்னால போனாரா?"

"எப்பவும். விசிலை ஊதிட்டு அவர்தான் முதல் ஆளா பதுங்குகுழியைவிட்டு ஏறுவாரு. எதிராளியோட மெஷின் கன்காரன் முழிச்சுக்கிறதுக்குள்ள பாதி தூரம் ஓடியிருப்பாரு. அப்புறம்தான் அது சுட ஆரம்பிக்கும்."

"அப்போ யாரைச் சுடும்?"

"பின்னால வர்றவங்களை" என்று சொல்லிவிட்டு, ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றான்.

யூவன் எப்படிச் செத்தான் என்று அதுவரை நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

"அவரைக் குறை சொல்லாதக்கா" என்றான் வாலஸ், என் முகத்தைப் பார்த்துவிட்டு. "கை போன அன்னிக்கு என்னைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தாரு, அந்தச் சேத்துல. அவர் இல்லேன்னா நான் உனக்கு இல்ல."

அதுவும் உண்மைதான். அதனால்தான் என்னால் அந்த மனுஷரை வெறுக்கவும் முடியவில்லை. வெறுக்க முடிந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஜனவரியில் எங்கள் ஏரி ராத்திரியெல்லாம் இடி மாதிரி முழங்கும். வெளியூர்க்காரர்கள் அலறியடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். நாங்கள் நிம்மதியாகத் தூங்குவோம், பனி இறுகுகிற சத்தம் அது. அந்த ஏப்ரலில் ஏரி வாயைத் திறக்கவில்லை. நிறம் சாம்பலாகி, அப்புறம் கறுத்தது. பகலில் பனிமேல் தேங்கி நின்ற தண்ணீர் ஒருநாள் காணாமல் போயிற்று. மேல்தண்ணீர் கீழே இறங்கிவிட்டதென்றால் நடுவில் எல்லாம் ஓட்டை என்று அர்த்தம். கரையோரத்தில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தேன். கையிலேயே பென்சில் பென்சிலாக உதிர்ந்தது.

ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் பட்டப்பகலில் இறங்கி மரங்களைப் பிடுங்கினேன். பிடுங்க வேண்டியதே இல்லை. தொட்டால் சாய்ந்தது. அடியில் பிடிப்பு விட்டுப்போன மரம், அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் இந்த ஜனங்களுக்கு? கரையிலிருந்து ஒரு நூறு கஜம் சாய்த்திருப்பேன், அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"எல்ஸ்பெத், உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கத்தினாள் பக்கத்துப் பண்ணை ஹெஸ்டர். "நட்டவன் உயிரோட இருக்கான். நீ யாரு பிடுங்க?"

"நட்டவனைப் பெத்தவளுக்குப் பதிலா வளர்த்தவ. வந்து இந்தப் பனியைப் பாருடி."

"நான் எதுக்குப் பார்க்கணும்? வாலஸ் பார்த்துச் சொல்லட்டும்."

"பாலம் வர்றது உனக்குப் பிடிக்கலையா? லெட்விட்ஜ் ஏதாச்சும் கையில வச்சானா?" என்றார் பிரிங்கிள் கிழவர். அவருடைய பேரன் திரும்பி வராத அந்த ஆறு பேரில் ஒருவன், யூவனுக்குப் பக்கத்தில் கிடக்கிறான். அவர் வாயிலிருந்தே அது வந்தது.

வாலஸ் வந்தான். நான் சாய்த்த மரங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். பிடிப்பில்லாத மரங்களுக்கு அடியில் உதிர்பனியை மிதித்து முட்டுக்கொடுத்தான். ஜனங்கள் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள்.

அன்று சாயங்காலம் அவன் முன்னால் உட்கார்ந்து அழுதே விட்டேன். அவன் ஏரியைவிட்டு ஒதுங்க மாட்டான் என்று தெரிந்துவிட்டது. ஒன்றாவது செய்ய வேண்டுமே. அவன் இடது கையில் விரல் இல்லாததால் கடிவாள வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் வண்டி ஓட்டுவான். ரோட்டில் அது பரவாயில்லை. பனியில் அப்படிச் சுற்றக்கூடாது. குதிரை உள்ளே போனால் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

"நீ போறதா இருந்தா நானும் பக்கத்துல உட்காருவேன்" என்றேன். "இடது வாரை நான் பிடிக்கிறேன், வலதை நீ பிடி. கையில சுத்தக் கூடாது. குதிரை ரெண்டுக்கும் கழுத்துக் கயிறு போடணும்."

"சரிக்கா, அழாத. நீயே பிடி" என்று என் தலையைத் தட்டினான். என்னைவிட எட்டு வயது சின்னவன், என் தலையைத் தட்டுகிறான்.

ஓட்டுப்பதிவு அன்று விடியலில் நல்ல குளிர். கில்மோர் டவுனிலிருந்து தனியாகப் பனிமேல் நடந்து வந்தார். மேஜர் கோட்டு, கம்பு, கழுத்தில் விசில். கரை ஏறி நின்று காலைத் தூக்கிக் காட்டினார். பூட்ஸ் நனையவே இல்லை. எல்லோரும் கைதட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உடனே கிளம்பியிருந்தால்கூட ஒருவேளை தப்பியிருக்கலாம், ராத்திரிக் குளிரில் மேல்பனி கொஞ்சம் இறுகியிருந்தது. ஆனால் அவர் பேச ஆரம்பித்தார். பேச்சை நிறுத்தத் தெரிந்திருந்தால் அவர் அரசியலுக்கே வந்திருக்க மாட்டார். பாலத்தைப் பற்றிப் பேசினார். திரும்பி வராத பையன்களின் பெயர்களைச் சொன்னார், யூவன் பெயரையும் சொன்னார். பெண்கள் அழுதார்கள். அதற்குள் வெயில் காட்டுக்கு மேலே ஏறிவிட்டது. எங்கள் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

வாலஸ் சறுக்குவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பின்பலகையில் ஹெஸ்டர், பிரிங்கிள், இன்னும் நாலைந்து பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். முன்னால் அவன் பக்கத்தில் நான், இடது வாரைப் பிடித்துக்கொண்டு. குதிரைகளைப் பார்த்தேன். கழுத்துக் கயிறு இல்லை. அந்த இடத்தில் நீல ரிப்பன் கட்டியிருந்தது, மேஜர் கட்சியின் நிறம்.

"கயிறு எங்கடா?"

"எல்லாரும் பார்க்கிறாங்கக்கா. கயிறு கட்டினா நானே பனியை நம்பலேன்னு ஆயிடாதா?"

குதிரை தண்ணீரில் விழுந்தால் அந்தக் கயிற்றை இறுக்கிப் பிடிப்போம். மூச்சு உள்ளே அடைபட்டுக் குதிரை மிதக்கும், இழுத்து ஏற்றிவிடலாம். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். ரிப்பனைப் பிடித்து எதை இழுப்பது?

நான் பதில் சொல்வதற்குள் மேஜர் வண்டிப் பக்கம் வந்தார். நல்ல உற்சாகத்தில் இருந்தார். பட்டாளத்தில் கூப்பிடுகிற மாதிரி வாலஸை எங்கள் குடும்பப் பெயரால் கூப்பிட்டார்.

"என்ன ராங்கின், வண்டி ஓட்டுறது நீயா உங்கக்காவா? பள்ளிக்கூடத்துக்கும் இவங்க கையைப் பிடிச்சுட்டுத்தானே வருவே?"

பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். வேடிக்கைக்குத்தான் சொன்னார். அவர் மனதில் வேறு ஒன்றும் இல்லை. வாலஸின் காது இரண்டும் சிவந்துவிட்டது.

"இறங்குக்கா" என்றான் மெதுவாக.

"மாட்டேன்."

"அடுத்த நடையில வா."

"மாட்டேன்னு சொல்றேன்ல."

அவன் குதித்து இறங்கினான். நல்ல கையை என் இடுப்பில் கொடுத்து, மாவு மூட்டை மாதிரி தூக்கி, கரையில் வைத்தான். நான் திரும்பவும் ஏறுவதற்குள் வண்டியைக் கிளப்பிப் பனிக்குள் கொண்டுபோய்விட்டான். அங்கே நிறுத்தி, இடது வாரை மணிக்கட்டில் சுற்றினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று.

"டேய், கையில சுத்தாதடா" என்றேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது சிரிக்கிற அதே சிரிப்பு.

மேஜர் முன்னால் போய்க் கம்பை ஊன்றி நின்று, ஒரு தடவை ஊதினார். வாலஸின் முதுகு நிமிர்ந்தது. குதிரைகள் நடந்தன.

மேஜர் நன்றாகத்தான் நடந்தார். நாலடிக்கு ஒரு தடவை கம்பால் குத்தினார். கம்பு இறங்கவில்லை. ஒரு மனுஷன் எடைக்கு அந்தப் பனி போதும், நான் நடந்திருந்தாலும் தாங்கியிருக்கும். ஒவ்வொரு மரமாக அவர் தாண்டினார், ஒவ்வொரு மரமாக வண்டியும் தாண்டியது. நடு ஏரியில், பனிக்கு அடியில் ஆற்றுநீர் ஓடுகிற இடத்தில், அவர் தாண்டிப் போனார். வண்டி அங்கே வந்தது.

சத்தமே இல்லை. டீயில் ஊறின ரொட்டி விட்டுப்போவது மாதிரி பனி விட்டது. குதிரைகள் இரண்டும் முன்னங்கால் மடங்கி உள்ளே போயின. வண்டியின் பின்பக்கம் பனிமேலேயே நின்றது. உட்கார்ந்திருந்தவர்கள் உருண்டு விழுந்து தவழ்ந்து ஒதுங்கினார்கள், அத்தனை பேரும் பிழைத்தார்கள். வாலஸ் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி முன்னால் போனான்.

நான் ஓடினேன். மேஜரும் திரும்பி ஓடி வந்தார். எனக்கு முன்னால் அவர்தான் வந்து சேர்ந்தார், கோட்டோடு குப்புற விழுந்து, தோள்வரை தண்ணீரில் கையை விட்டுத் துழாவினார். "ராங்கின், ராங்கின்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு குதிரையின் தலை ஒரு தடவை மேலே வந்தது. என் கையில் ரிப்பன் அகப்பட்டது, அறுந்துகொண்டு வந்தது. குதிரை வந்திருந்தால் அவனும் வந்திருப்பான்.

இதைவிட மோசமான ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள். அன்று மத்தியானம் முனைக்காரர்கள் ஓட்டுப் போடப் போனார்கள். அந்த ஓட்டையைச் சுற்றி, ஒருவருக்கொருவர் எட்ட விட்டு, மரத்தைப் பார்த்துக்கொண்டே தனித்தனியாக நடந்து போனார்கள். அழுதுகொண்டே போனார்கள். "வாலஸ் இதுக்காகத்தானே உயிரை விட்டான்? ஓட்டுப் போடாம விட்டா அவன் செத்தது வீணாயிடும்" என்று ஹெஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மேஜர் ஜெயித்தார். சொற்ப ஓட்டு வித்தியாசம்தான்.

மே மாதம், ஏரியிலிருந்து ஆறு வெளியேறுகிற இடத்தில் வாலஸ் அகப்பட்டான். வார் மணிக்கட்டிலேயே இருந்தது. அடக்கத்துக்கு மேஜர் வந்தார். பாதியாக இளைத்திருந்தார். எல்லோரும் போன பிறகு தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"நான்தான் முன்னால போனேன், எல்ஸ்பெத். பனி தாங்கிச்சு."

"ஆமா சார்" என்றேன். "உங்களைத் தாங்கிச்சு."

அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றார்.

அந்த டிசம்பரில் மரங்களை நான் நட்டேன். யாரும் நீ யார் என்று கேட்கவில்லை. பாலம் இன்னும் காகிதத்தில்தான் இருந்தது. குளிர்கால விடுமுறைக்கு முன்னால் சட்டசபை உறுப்பினர் கில்மோர் ஊருக்கு வருகிறார், முனைப் பிள்ளைகள் பாட்டுப் பாடப்போகிறார்கள் என்று ஒரே அமளி. அவர் ரயிலில் வந்து டன்பார்ட் கரையில் இறங்கியபோது நான் வண்டியில் மாவு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் கையில் அதே கம்பு. கோட்டுக்கு மேல் அதே விசில்.

"நல்லா இருக்கியாம்மா? பனி எப்படி?"

"முழுசா ரெண்டு முழம் சார். மேல வீடு கட்டலாம்."

"அப்போ நான் முன்னால நடக்கிறேன். நீ வண்டியோட பின்னால வா."

"வேண்டாம் சார். இப்போ மரம் என்னோடது, முன்னால நான்தான் நடக்கணும். நீங்க வண்டியில உட்காருங்க. மூட்டைக்குப் பக்கத்துல இடம் இருக்கு."

ஏரி அப்போது ஒரு தடவை முழங்கியது. நல்ல சத்தம், கேட்கவே தெம்பாக இருந்தது. அவருக்கும் அது தெரியும். அவரே எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வண்டியைப் பார்த்தார். குதிரையின் கழுத்தில் நான் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கி வண்டிப் பலகைமேல் வைத்தார். அப்படியே நின்றார். முகம் வெளுத்துவிட்டது. கை தானாக விசிலுக்குப் போனது, ஆனால் ஊத வேண்டியவர் அவர் இல்லை.

காலைக் கீழே இறக்கினார்.

"சுத்துவழியா போயிடறேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "அங்க ரெண்டு பேரைப் பார்க்க வேண்டியிருக்கு."

சுற்றுவழியில் பார்க்க ஒரு வீடுகூடக் கிடையாது. பின்னால் வருகிறவர்களுக்கு என்ன ஆகும் என்று அவருக்கு எப்போதிலிருந்து தெரியுமோ, நான் கேட்கவில்லை. குதிரையின் தலைக்கயிற்றை நீளமாக விட்டுப் பிடித்துக்கொண்டு, மரங்களுக்கு நடுவே முன்னால் நடந்தேன்.